பெம்பானுக்கு வந்த அத்தை

முதல் நாள்

தூதரக வேலை என்றால் கோட்டு, டை, கையில் ஒரு கிளாஸ், கொடி கட்டிய கார் என்று நினைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதெல்லாம் உண்டு. எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் இருந்தது புத்ராஜெயாவில், வெளியுறவு அமைச்சின் கொன்சுலர் பிரிவில். வெளிநாட்டில் நம் ஆள் ஒருவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்தால், போலீசில் மாட்டினால், ஆஸ்பத்திரியில் கிடந்தால், செத்துப்போனால், அந்தத் தலைவலி எங்கள் மேசைக்கு வரும். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் பாத்திரம் கழுவுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரிவுக்கு மேடம் ஸ்டெல்லா இயக்குநராக வந்த முதல் நாளே, நான் எழுதிய ஒரு பதிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தனபாலன், இது யாருக்கு போகுது?"

"வெளிநாட்டு ஜெயில்ல இருக்கற ஒருத்தரோட அம்மாவுக்கு மேடம். ஈப்போல இருக்காங்க."

"அந்த அம்மாவா நெனச்சுக்கிட்டு நீங்களே சத்தமா படிங்க."

படித்தேன். 'தங்களின் மேற்கண்ட விவகாரம் உரிய தரப்பினரின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது' என்று ஆரம்பித்து, பாதி வழியில் எனக்கே மூச்சு முட்டியது.

"புள்ள உயிரோட இருக்கா, எப்ப பேசலாம், யாருக்கு போன் பண்ணணும். இது முதல்ல வரணும். மத்ததெல்லாம் நாம நம்ம மரியாதைக்கு எழுதிக்கறது. தள்ளி கீழ போடுங்க."

அவ்வளவு காலம் சர்வீஸ் போட்டவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் அவர் சொன்னபடி மாற்றி எழுதிய பதிலைப் படித்துவிட்டு அந்த ஈப்போ அம்மா போன் செய்து அழுதார். நன்றி சொல்லி அழுதார். அதற்கு முன் என் பதிலைப் படித்து யாரும் போன் செய்ததே கிடையாது.

இரண்டு தூதர்கள், ஒரு வாசல்

மேடம் மலாக்காவில், டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்தில் கோயில் பெரியது, மாதா சொரூபம் வைத்த சின்ன ஜெபக்கூடம் ஒரு மூலையில். இவர் அந்த மூலையைச் சேர்ந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாக்கா டவுனில் இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம், அப்புறம் வெளியுறவுப் பரீட்சை. மூக்கு சிவக்கிற குளிர் நாடு ஒன்றில் செக்ரட்டரி. தமிழ்நாட்டில் சில வருடங்கள். சண்டை நடந்த ஒரு நாட்டில் தூதரகத்தை மூடிவிட்டு எல்லோரையும் கடைசி விமானத்தில் ஏற்றியவர். பிறகு ஒரு சின்ன நாட்டில் தூதர். இதை நான் சொன்னால் 'ரொம்ப புகழறான்லா இவன்' என்பீர்கள். புகழத்தான் போகிறேன். புகழ்வதற்கு ஆள் கிடைக்காமல் ரிட்டயர் ஆகிறவர்கள் எத்தனையோ பேர். எனக்குக் கிடைத்தது.

அவர் தூதராக இருந்த ஊரில் இரண்டு நாட்டுத் தூதர்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்களாம். நம் தேசிய தின விருந்தில் யார் முதலில் உள்ளே வருவது என்று இருவர் ஆபீசும் முறைத்துக்கொண்டு நின்றன. ஒருவரை முதலில் விட்டால் மற்றவர் வரமாட்டார். மேடம் இருவரையும் தனித்தனியே பார்த்து ஒரே உதவியைக் கேட்டார்: "நீங்க கொஞ்சம் முன்னாலயே வந்து எங்கூட வாசல்ல நிக்கணும். அவரை வரவேற்க எனக்கு ஒரு பெரிய மனுஷர் வேணும்." இருவரும் முன்னாலேயே வந்தார்கள். வரவேற்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் வாசலில் பார்த்து, வேறு வழியில்லாமல் கை கொடுத்தார்கள். கொடுத்த பிறகு சிரித்தும் விட்டார்களாம்.

"ஏமாத்திட்டீங்களே மேடம்" என்றேன்.

"ஏமாத்தலையே. ரெண்டு பேரும் பெரிய மனுஷங்கதானே?"

மேடத்தின் வேலை எப்போதும் அப்படித்தான். எதிரே இருப்பவருக்கு ஒரு வேஷம் கொடுப்பார், அது அவர் ஏற்கனவே போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட வேஷமாக இருக்கும். ஆனால் அவரே வேஷம் போட்டதை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சினிமாத் தமிழ்

இனி வருவதில் நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். வேலையை விட்ட பிறகும் வாயைக் கட்டிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டவன் நான். ஏதோ ஓர் அண்டை நாடு. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

மலாக்காவின் பெம்பானிலிருந்து சரசு என்ற அம்மா பஸ் மாறி மாறிப் புத்ராஜெயாவுக்கு வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கணவர் இறந்து சில வருடம். ஒரே மகன் தினேஷ். 'கஸ்டமர் சர்வீஸ், நல்ல சம்பளம்' என்று ஒரு ஏஜெண்டு சொன்னதை நம்பி அந்த நாட்டுக்குப் போனவனை ஒரு கட்டடத்துக்குள் போட்டுப் பூட்டி, போனில் ஆட்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே வர முடியாது. வர முயன்றவர்களை அடிக்கிறார்கள். அங்கிருந்து தப்பி வந்த வேறொரு பையன் சொல்லித்தான் சரசுக்கே விஷயம் தெரியும்.

"வாரம் ஒருதடவ, ஞாயித்துக்கிழமை காலைல பேச விடறாங்க மேடம். நாங்க போலீசுக்கு போயிடக் கூடாதுன்னு. 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு மட்டும்தான் சொல்றான். அவன் மூச்சு விடற சத்தத்துலயே தெரியுது மேடம், நல்லா இல்லன்னு."

"பக்கத்துல யாராச்சும் கேட்டுக்கிட்டு இருக்காங்களா?"

"ஸ்பீக்கர்ல போட்டு கேக்கறாங்க. ஒருதடவ மலாய்ல 'தோலோங்'னு சொன்னான். காப்பாத்துங்கன்னு. உடனே லைன் கட்டு. அப்புறம் ரெண்டு வாரம் போனே இல்ல. நான் செத்துப் பொழச்சேன்."

"தமிழ்ல பேசினா?"

"அதுக்கும் ஒரு ஆளு இருக்கான். தமிழ் ஆளுதான். ஆனா நம்ம ஊரு தமிழ் இல்ல மேடம். தமிழ்நாட்டு சினிமாத் தமிழ்."

அதுவரை குனிந்து கேட்டுக்கொண்டிருந்த மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் தூதரகத்துக்கு ஊரின் பெயர் தெரியும், வட்டாரமும் தெரியும். ஆனால் அந்த வட்டாரத்தில் ஒரே மாதிரிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்நாட்டுப் போலீஸ் இரண்டு விஷயம் கேட்டது. ஒன்று, எந்தக் கட்டடம் என்று சொல்லுங்கள். தவறான கதவைத் தட்டினால் அடுத்த நிமிடமே சரியான கதவுக்குச் செய்தி போய்விடும், ஆளை இடம் மாற்றிவிடுவார்கள். இரண்டு, நாங்கள் உள்ளே போய்க் கேட்கும்போது அவனே எல்லோர் முன்னாலும் 'போக விரும்புகிறேன்' என்று சொல்ல வேண்டும். பயத்தில் 'இங்கேயே இருக்கிறேன்' என்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பலர் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள்.

மேடம் சரசுவிடம், "அடுத்த ஞாயிறு நான் உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க வீட்டுக்காரரோட அக்கான்னு சொல்லுங்க" என்றார்.

"எதுக்கு மேடம் அவரு பக்கம்? என் அக்கான்னு சொல்லலாமே?"

"உங்க பக்கத்து ஆளுங்க எல்லாம் அவன் போன்ல போட்டோவா இருப்பாங்க. அந்த ஆளு பாத்திருப்பான். அவரு பக்கம் யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமே இல்ல மேடம். சின்னப் புள்ளையிலயே தாய் தகப்பன் போயிட்டாங்க. தோட்டத்து ஆளுங்கதான் வளத்தாங்க."

"அப்ப நல்லதா போச்சு" என்றார் மேடம். அதில்தான் ஒரு பிசகு ஒளிந்திருந்தது. எங்கள் மூவருக்கும் அது தெரியவில்லை.

முதல் ஞாயிறு

மேடம் பருத்திப் புடவை கட்டி, தலையை இழுத்துக் கொண்டை போட்டு வந்திருந்தார். போன் அடித்தது. சரசு ஸ்பீக்கரில் போட்டார். நான் ஓரமாக உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் எல்லாம் முடிந்தது.

"ஐயா, யாரு வந்திருக்காங்க பாரு. உங்க அத்தை. அப்பாவோட அக்கா" என்றார் சரசு.

"அப்பாவுக்கு ஏதும்மா அக்கா?"

பளிச்சென்று கேட்டுவிட்டான். கேட்காமல் என்ன செய்வான்? அப்பா அநாதை என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியுமே. சித்தி, பெரியம்மா என்று எத்தனை பேர் வேண்டுமானாலும் திடீரென்று முளைக்கலாம். ஆளே இல்லாத பக்கத்திலிருந்து ஓர் அத்தை எப்படி முளைப்பாள்? அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "யார்றா அது?" என்று ஒரு குரல்.

மேடம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"ஏன்யா கேக்க மாட்ட! எப்படி தெரியும் உனக்கு! என் தம்பி என்னைப் பத்தி வாயத் தொறந்திருந்தாத்தானே! நான் வேதத்துக்காரன கட்டிக்கிட்டு மாதா கோயில் வேதத்துக்குப் போயிட்டேன்னு, எனக்கு அக்காவே இல்ல, செத்துட்டா, நான் அநாதைன்னு ஊரெல்லாம் சொன்னவன்தானே உங்கப்பன்! இருபது மைலு, டுரியான் துங்கால்லதான்யா இருந்தேன். சாவுக்குக்கூட சொல்லலையே! மொகத்தப் பாக்க விடலையே!"

அப்பேர்ப்பட்ட அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்துக் குரல் சிரித்தது. "உங்க குடும்பத்துலயும் இந்தக் கதைதானாடா? பேசு, பேசு, அத்தைய சமாதானப்படுத்து" என்றது. நாற்காலி பழைய இடத்துக்கே போனது.

தினேஷ், "அழாதீங்க அத்த. எனக்கு தெரியாது அத்த" என்றான்.

அன்று வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கெட்டிருக்கும். போனை வைத்ததும் மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடுங்க சரசு" என்றார். சரசு தண்ணீர் கொடுத்தார். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். பயம் இன்னும் போகவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

தண்டல் எத்தனை பேர்

அடுத்த ஞாயிற்றுக்கு முன்னால் மேடம் சரசுவை உட்கார வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். மலாய் கூடாது, இங்கிலீஷ் கூடாது, சினிமாத் தமிழும் கூடாது. மீதி இருப்பது தோட்டத்துத் தமிழ்தான். ஆனால் மேடம் பேசும் தோட்டத்துத் தமிழ் நாற்பது வருடப் பழசு, தினேஷ் போனும் கையுமாக வளர்ந்தவன்.

"சடக்குன்னா புரியுமா அவனுக்கு?"

"பெரிய ரோடுதானே? புரியும் மேடம். நான் அப்படித்தானே சொல்வேன்."

"கம்பம்?"

"மலாய்க்காரங்க கிராமம்தானே? அது எல்லாருக்கும் தெரியும்லா."

"கிராணி?"

"அது தெரியாது. 'கிளார்க்'கும்பான்."

"தண்டல்?"

சரசு சிரித்துவிட்டார். "என்ன மேடம், அவங்கப்பாவே தண்டல்தானே. எங்க போனாலும் 'தண்டல் மவன் வர்றான்'னுதான் சொல்வாங்க."

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நம் தோட்டங்களில் தண்டல் என்றால் வேலையாட்களை நின்று மேய்க்கிற மேற்பார்வைக்காரர். தமிழ்நாட்டில் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. தினமும் வீட்டு வாசலில் வந்து நின்று வசூலிக்கிற வட்டிக் கடன். அங்கே வேலை பார்த்தபோது மேடத்தின் வீட்டு வேலைக்காரம்மா 'தண்டல்காரன் வர்றாம்மா' என்று ஓடி ஒளிந்ததில் மேடத்துக்கு அது பாடமாகியிருந்தது. சரசு 'தண்டல் மவன்' என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எந்தப் பெரிய ஒப்பந்தத்தின் போதும் பார்த்ததில்லை.

போன் வந்தது. இந்தத் தடவை பையனே, "அத்த இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்கேன்யா. உங்கப்பன நெனச்சா மனசு கேக்கல. அவன் தண்டலா இருந்த ஆளு. இப்ப உன்ன நெனச்சாத்தான் பயமா இருக்கு. உனக்கு தண்டலு எத்தன பேருய்யா? மறைக்காம அத்தகிட்ட சொல்லு."

நான் சுவரில் இருந்த தினேஷின் அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நாலு பேரு அத்த" என்றான் மெதுவாக. "மாத்தி மாத்தி வர்றாங்க."

அந்தக் குரல் உடனே உள்ளே புகுந்தது. "நாலு தண்டலாடா? டேய், ஊர்ல இவ்ளோ கடனா வெச்சிருக்க? அதான் இங்க வந்து உக்காந்திருக்கியா?" என்று சிரித்தது. ஒட்டுக்கேட்டவனுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. இனி அவன் கேட்கப்போவது கடன்கார வீட்டுக் கதை.

மேடம் விடவில்லை. "அடுத்த வாரம் நான் தனியா வரணும்யா. உங்கம்மா வேலைக்கு போயிடுவா. உங்க லயத்துக்கு எப்படி வர்றது? எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. சடக்குல இருந்து சொல்லு."

இங்கேதான் அந்தப் பிள்ளையின் புத்தியை மெச்ச வேண்டும். லயம் என்பது தோட்டத்தில் ஆட்கள் வசித்த வரிசை வீடுகள். சரசு இருப்பது லயத்தில் இல்லை, தாமான் என்கிற புதுக் குடியிருப்பில், சொந்தமாக வாங்கிய சின்ன வீட்டில். பெம்பானில் அவர்களுக்கு லயமே கிடையாது. வரிசையாக, ஒரே மாதிரி, ஆட்களை அடைத்துவைக்கிற இடம் அவன் இருக்கும் இடம்தான்.

"சடக்குல இருந்து உள்ள வந்தா நாலாவது லயம் அத்த" என்றான். "பின்னால கம்பம் இருக்கு. முன்னால தண்ணித் தொட்டி, உசரமா, பச்சை கலரு. மேல ஏறி வரணும். மூணாவது மாடி."

மாடி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லயத்துக்கு ஏது மாடி? ஆனால் லயம் என்றால் என்னவென்று அந்தக் குரலுக்குத் தெரியாதே. "அத்தைக்கு முட்டி வலிக்கப் போகுதுடா" என்று அதுவும் ஜோக் அடித்தது.

"வலிச்சா வலிக்கட்டும். வந்துடுவேன்யா" என்றார் மேடம்.

பெண் பார்க்க வருகிறார்கள்

கட்டடம் கிடைத்துவிட்டது. நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று உடனே போலீசுக்குச் சொல்வோம் என்று நான் நினைத்தேன். மேடம் அந்நாட்டுப் போலீஸ் அதிகாரியைப் போனில் கூப்பிட்டு, "உங்கள் ஆட்கள் போன மாதம் சொன்ன வட்டாரம் சரியாகவே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த ஒரு சின்னத் தகவல் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா, பாருங்கள்" என்றார். அவர் தேடிப் பார்த்து, நாலாவது கட்டடத்தைத் தானே கண்டுபிடித்ததாக மேடத்துக்குச் சொன்னார். மேடம் அவருக்கு மனமார நன்றி சொன்னார். பிறகு வந்த பத்திரிகைச் செய்தியிலும் அவர் பெயர்தான் முதலில்.

மீதி இருந்தது ஒன்று. அவன் எல்லோர் முன்னாலும் 'போகிறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றாவது ஞாயிறு மேடம் போனில் சிரித்த குரலோடு வந்தார்.

"ஐயா, அத்தை உனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கேன். பொண்ணு வீட்டு ஆளுங்க அவசரப்படறாங்க. சட்டுன்னு வந்து நிப்பாங்க. 'புடிச்சிருக்கா'ன்னு கேப்பாங்க. நீ வெக்கப்பட்டுக்கிட்டு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா கத கெட்டுச்சு. எத்தன பேரு இருந்தாலும் சரி, தண்டலே பக்கத்துல நின்னாலும் சரி, கையத் தூக்கி சரின்னு சொல்லு. அப்புறம் மத்தத அத்தை பாத்துக்கறேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்த."

"வெக்கப்படுவியா?"

"படமாட்டேன் அத்த."

"கல்யாண மாப்பிள்ளை!" என்றது அந்தக் குரல். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னது. போனை வைத்ததும் மேடம், "அவனும் யாரோ பெத்த புள்ளதான். அவனையும் யாராச்சும் ஏமாத்திக் கூட்டிட்டு போயிருப்பாங்க" என்றார். எனக்கு அப்போது அந்தப் பெருந்தன்மை வரவில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் வரவில்லை.

போலீஸ் உள்ளே போன காலையில் மேடம் சரசுவோடு பெம்பானில்தான் இருந்தார். ஆபீசில் இருந்திருக்கலாம். "தகவல் நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் அந்த அம்மா தனியா கேக்கக் கூடாது" என்று வந்துவிட்டார். சரசு பூஜை அலமாரிக்கு முன்னால், மேடம் நாற்காலியில் ஜெபமாலையோடு. நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே கூடத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, காவல்காரர்கள் முறைத்துக்கொண்டிருக்க, யார் யார் போக விரும்புகிறீர்கள் என்று போலீஸ் கேட்டதாம். ஒருவரும் அசையவில்லையாம். பிறகு நம் பையன் கையைத் தூக்கினான். அதைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். எங்கள் தூதரகத்திலிருந்து வந்த செய்தியில் இரண்டே வார்த்தை: 'எங்களோடு இருக்கிறான்.' சரசு மேடத்தின் மடியில் விழுந்து அழுதார். நானும் வாசலுக்குப் போய் அழுதேன்.

அத்தை

பத்திரிகையில் இந்தக் கதை இதோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

விசாரணை, வாக்குமூலம் எல்லாம் முடிந்து தினேஷ் வீடு வந்து சேர்ந்ததும், மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு பெம்பானுக்குப் போனார். பையன் மெலிந்து போயிருந்தான், ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. மேடத்தைப் பார்த்ததும் வேகமாக எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அத்த, நான் அங்க இருந்தப்ப ஒண்ணு நெனச்சு வெச்சேன். உயிரோட வந்தா மொதல்ல இத சொல்லணும்னு." பிடித்த கையை அவன் விடவில்லை. "அப்பா உங்கள ஒதுக்கி வெச்சது தப்பு. பெரிய தப்பு. அவரு இல்ல. அவருக்கு பதிலா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் அத்த."

நான் சரசுவைப் பார்த்தேன். அவர் சமையல்கட்டு வாசலில் நின்றார். முதல் ஞாயிறு அவர் எதைச் சொல்ல வந்து சொல்லாமல் போனார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செத்துப்போன புருஷன் மேல் போட்ட பழியை, மகன் உயிருக்காக, அவர் வாய் மூடிச் சுமந்திருக்கிறார். மகன் வந்த பிறகும், மேடம் சொல்லாமல் தான் எப்படிச் சொல்வது என்று சுமந்திருக்கிறார்.

எந்த நாட்டு மந்திரி எதைக் கேட்டாலும் மேடத்திடம் ஒரு பதில் தயாராக இருக்கும். 'எனக்கு அவன்மேல கோபமே இல்லய்யா' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அங்கே எல்லாம் அழகாக முடிந்திருக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் பையனை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா ஒரு தப்பும் பண்ணலய்யா. நான்தான் பொய் சொன்னேன். அவருக்கு அக்காவே கிடையாது. நான் உனக்கு அத்தையே இல்ல. நான் அரசாங்க ஆளு. உன்ன மாதிரி புள்ளைங்கள வீட்டுக்கு கொண்டு வர்றதுதான் என் வேல. அன்னைக்கு வாயில வந்தத சொல்லிட்டேன். உயிரோட இருக்கறவங்க மேல பழி போட்டா அவங்க வந்து கேப்பாங்க. உங்கப்பா வந்து கேக்க முடியாதே. அதான் நானே வந்தேன்."

பையன் அம்மாவைப் பார்த்தான்.

"ஆமாய்யா" என்றார் சரசு. "உங்கப்பாவுக்கு யாருமே இல்ல. அக்கான்னு ஒருத்தங்க இருந்திருந்தா, வேதத்துக்குப் போனா என்ன, எங்க போனா என்ன, தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடியிருப்பாரு."

தினேஷ் அப்பாவின் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் எழுந்து, "அப்ப நாங்க கெளம்பறோம்" என்றார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எங்க கெளம்பறீங்க?" என்றான் பையன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "உக்காருங்க அத்த. பசியாறிட்டு போங்க."

மேடம் உட்கார்ந்தார். சரசு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாட்டுக்காகப் பேசுகிற வேலையில் உங்களுக்கும் ஒருநாள் ஒரு பொய் தேவைப்படும், சொல்லத்தான் வேண்டியிருக்கும். காரியம் முடிந்ததும் அது யார் தலையில் போய் விழுந்தது என்று விசாரித்து, அந்த வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள்.